தறிச்சத்தத்துக்கு நடுவே பாட்டுப் பதிவு: பழைய லேப்டாப்புக்கு எது சரி?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். ஆடித் திருவிழாவுக்குள் எங்கள் குழுவின் மாரியம்மன் பாட்டுகளை வீட்டிலேயே பதிவு செய்ய வேண்டும். குரல், ஆர்மோனியம், பம்பை, உடுக்கை உண்டு. லேப்டாப் ஐ3, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. இரண்டு மைக் செருகும் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கிவிட்டேன். கட்டற்ற மென்பொருளே போதுமா? பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுகிறது.

பதில்: மென்பொருள் போதும், ரேம்தான் போதாது. 8 ஜிபி ஆக்குங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அங்கே 240 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள். கழற்றிய டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி உறையில் போட்டு வைத்தால் பழைய கோப்புகள் அப்படியே இருக்கும். ஒரே டிஸ்க்கில் இரண்டு சிஸ்டம் வைக்கும் தலைவலியும் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. எப்படியும் மாறித்தான் ஆக வேண்டும்; லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கே மாறிவிடுங்கள்.

லினக்ஸில் இசைக்கு என்றாலே எல்லோரும் உபுண்டு ஸ்டுடியோ என்ற வகையைச் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் வீடியோ, படம், புத்தக வடிவமைப்பு என்று உங்களுக்குத் தேவையில்லாத மூட்டையும் கூடவே வரும். உபுண்டு லினக்ஸின் இலகுவான வகையான ஸுபுண்டு 24.04 எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) நிறுவுங்கள். 2027 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. அதை ரூஃபஸ் என்ற இலவசக் கருவி கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் எழுதிக்கொண்டால் போதும். பிறகு அதன் மேல் உபுண்டு ஸ்டுடியோ இன்ஸ்டாலரைப் போட்டு, ஆடியோ தொகுப்பை மட்டும் டிக் செய்யுங்கள். உங்கள் பயனர் கணக்கு ‘ஆடியோ’ குழுவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதை விட்டால் ‘ஆர்டர்’ (Ardour) என்ற பதிவு மென்பொருள் திறக்கும்போதே நினைவக வரம்பு பற்றி எச்சரிக்கை காட்டும்.

ஆம், பதிவுக்கு ஆர்டர்தான். எல்எம்எம்எஸ் பலரும் சொல்லும் பெயர். அது பீட் அடுக்குவதற்கு, அதில் மைக்கிலிருந்து பதிவு செய்ய வராது. ஆடாசிட்டி வெட்டி ஒட்டுவதற்கு நல்லது, நாலைந்து டிராக்கை வைத்து மிக்ஸ் செய்ய அலுப்பு. ஆர்டரின் சொந்தத் தளத்தில் காசு கொடுக்காமல் இறக்கினால் டெமோதான் கிடைக்கும். பத்து நிமிடத்தில் சத்தம் நின்றுவிடும். உபுண்டுவின் மென்பொருள் கிடங்கில் இருப்பது முழுப் பதிப்பு, இலவசம். அதையே எடுங்கள்.

ஆர்டரைத் திறந்ததும் ஆடியோ அமைப்புச் சாளரம் வரும். அதில் ஆல்சா (லினக்ஸின் ஒலி இயக்கி), உங்கள் இன்டர்ஃபேஸின் பெயர், 48,000 ஹெர்ட்ஸ், பீரியட் 3 என்று தேர்ந்தெடுங்கள். சாதனம் வேறு எங்கோ பயன்பாட்டில் இருப்பதாகச் சொன்னால், பிரவுசரில் ஏதோ வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மூடிவிட்டு மறுபடி பாருங்கள்.

பஃபர் (கணினி ஒரு தடவைக்கு எடுத்துக் கையாளும் ஒலித்துண்டு) அளவில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். 64, 128 என்று குறைத்துக்கொண்டே போவார்கள்; பழைய ஐ3 திணறி ‘டிக் டிக்’ என்று வெட்டு விழும், பழி மென்பொருள் மேல். சிறிய பஃபர் எதற்கு? கணினி வழியாகச் சுற்றிவரும் தன் குரலைப் பாடகர் தாமதமில்லாமல் கேட்பதற்கு. உங்களுக்கு அது வேண்டாம். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் குமிழ் இருக்கும். மைக் சத்தம் கணினிக்குள் போகாமலே ஹெட்போனுக்கு வந்துவிடும். அதைத் திருப்பிவிட்டு பஃபரை 1024 வையுங்கள். ஆர்டரின் பிரிஃபரன்ஸில் மானிட்டரிங் பக்கத்தில், பதிவு மானிட்டரிங்கை ‘ஆடியோ ஹார்ட்வேர்’ பொறுப்பில் விடுங்கள். மறந்தால் குரல் இரண்டாகக் கேட்கும். அப்படியும் வெட்டு விழுந்தால் வைஃபையை அணையுங்கள், இன்டர்ஃபேஸை ஹப் இல்லாமல் நேராகச் செருகுங்கள். ‘ம்ம்ம்’ என்று கீழே ஓர் இரைச்சல் ஓடினால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள். அடங்கினால் குற்றவாளி அதுதான்.

தறிச்சத்தம் பதிவில் ஏறிவிட்டால் எந்த ஃபில்டரும் சுத்தமாக எடுக்காது, எடுத்தால் குரலும் தகர டப்பா ஆகும். சுற்றுச் சத்தத்தையும் நுணுக்கமாக வாங்கிவிடும் கண்டென்சர் மைக் வேண்டாம். கார்டியாய்டு வகை டைனமிக் மைக், வாயிலிருந்து நாலு விரல் தூரம். அந்த மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம். ஆகவே பாடகர் தறி இருக்கும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும், மைக்கின் முதுகு தறியைப் பார்க்க வேண்டும். கேட்க விபரீதமாக இருக்கும், ஆனால் அதுதான் சரி. பாடகரின் முதுகுக்குப் பின்னால் இரண்டு ஜமக்காளங்களை மடித்துத் தொங்கவிடுங்கள். சுவரில் மோதித் திரும்பும் சத்தம் மைக்கின் வாய்க்குள் நுழையாது.

முதலில் குரலும் ஆர்மோனியமும், ஆளுக்கொரு டிராக். பிறகு அதைக் கேட்டபடி பம்பை, உடுக்கை. காதை மூடும் ஹெட்போன் இல்லையென்றால் பழைய டிராக் புதியதில் ஒழுகும். பம்பைக்கு மைக் ஓர் அடி தள்ளியே இருக்கட்டும். உச்சத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் இன்டர்ஃபேஸின் கெயினை (மைக் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழை) வையுங்கள். சிவப்பு விளக்கு எரிந்து உடைந்த அடியை ஒட்ட முடியாது. குரலுக்கு மட்டும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டலாம். பம்பையில் அதையே செய்தால் அடிவயிற்றில் இடிக்கும் அந்த ஓசை போய்விடும்.

இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 11.5 எம்பி, ஐந்து நிமிடப் பாட்டு, நாலு டிராக் என்றால் 230 எம்பி.