மாத்திரை எண்ண வந்த அக்கா

வணக்கம் ஐயா,

பல் மருத்துவம் முடித்திருக்கிறேன். அடுத்து பொதுச் சுகாதாரத்தில் எம்.பி.எச். படிக்க ஆசை. "டாக்டருக்குப் படிச்சிட்டு வீடு வீடா கணக்கெடுக்கப் போறியா?" என்கிறார் அப்பா. நோயாளிகளின் அறியாமையைப் போக்க வேண்டும் என்பது என் கனவு. இங்கேயே படிக்கலாமா, வெளிநாடு போகலாமா? வேலை கிடைக்குமா?

எம்.

அன்புள்ள எம்.,

தாராளமாகச் சேருங்கள். சென்னையில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது, திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன் மையம் இருக்கிறது. வேலை பற்றி அங்கே படித்து முடித்தவர்களைக் கேளுங்கள். அப்பாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த 'அறியாமை' என்ற சொல்லை எங்கிருந்து எடுத்தீர்கள்? படித்ததும் கோபம் வந்தது.

1984இல் என் அம்மாவுக்குக் காசநோய். ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம். மாத்திரை மிச்சமாகிறது என்று ஆஸ்பத்திரியில் அம்மாவை எல்லார் முன்னாலும் திட்டினார்கள். அடுத்த வாரம் சுகாதாரப் பணியாளர் ஒரு அக்கா வீட்டுக்கே வந்தார். டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார். திட்டவில்லை. "எப்போம்மா சாப்பிடுறீங்க?" என்று மட்டும் கேட்டார். காலையில்தான், வெறும் வயிற்றில், குமட்டுகிறது என்றார் அம்மா. எங்கள் வீட்டில் உலை வைப்பது ராத்திரி மட்டும்தான். "அப்போ ராத்திரி சோறு சாப்பிட்டதும் போட்டுக்குங்க." அதன்பிறகு ஒரு மாத்திரைகூட மிஞ்சவில்லை. இதில் அம்மாவின் அறியாமை எங்கே இருந்தது, சொல்லுங்கள்?

அந்த அக்கா வீடு தேடி வந்ததற்குப் பின்னால் ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. 1956இல் சென்னையில் தொடங்கியது. காசநோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்தில், அதாவது காசநோய்க்காரர்களைத் தங்கவைத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரியில், சேர்த்தார்கள். மறுபாதிக்கு அதே மருந்தை ஒரு வருடம் வீட்டிலேயே கொடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டம். வீட்டிலோ நெரிசல், அரை வயிறு. இருந்தும் குணமானவர்களின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் நோயாளியோடு இருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959இல் முடிவு வெளியானது, உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. அதைச் சாத்தியமாக்கியவர்கள் நம் ஊர் ஏழை நோயாளிகள், எம். நீங்கள் அறியாமையைப் போக்கப் புறப்பட்டிருக்கும் அதே மக்கள். வீட்டில் கொடுத்தால் போதும் என்று மருந்தை நீட்டிவிட்டு யாரும் ஓய்ந்துவிடவில்லை. சொல்லாமல் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், மருந்து உள்ளே போனதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். உங்கள் அப்பா ஏளனம் செய்யும் கணக்கெடுப்பு இதுதான்.

கோபத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு மாதம் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரோடு நடந்து பாருங்கள். ஒவ்வொரு வீட்டிலும் அவர் முதலில் என்ன கேட்கிறார் என்று குறித்துவைத்து எனக்கு எழுதுங்கள்.