கான்சன்ட்ரேட் கிட் வாங்கி மதுரையில் வீட்டிலேயே ரெட் ஒயின் போடலாமா? அது அசல் ஒயின்தானா?

நீங்கள் மதுரையில் இருக்கிறீர்கள். கனடாவில் இருக்கும் அண்ணன் ஊருக்கு வரும்போது ரெட் ஒயின் கிட் ஒன்று கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். கூட இருப்பவர்கள் "ஏதோ பவுடரைத் தண்ணியில கலக்குறது, அதெல்லாம் ஒயினா?" என்கிறார்கள். உங்கள் கேள்வியிலிருந்து எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். பதிலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது ஒயின்தான், பவுடர் கிடையாது. ஆனால் மதுரையில் போடாதீர்கள். சட்டமும் விடாது, வெயிலும் விடாது.

நான் ராயப்பன்பட்டிக்காரி. சுருளி அருவிக்குப் போய் வந்தவர்களுக்கு எங்கள் பக்கம் தெரிந்திருக்கும், பந்தல் பந்தலாகத் திராட்சைதான். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை எங்கள் பள்ளத்தாக்குப் பழம். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த கொடி என்று சொல்வார்கள். வெளிநாட்டில் அந்த ரகத்துக்குப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அப்பா கவாத்து வெட்டும்போது கீழே நின்று குச்சி பொறுக்கி வளர்ந்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு டொராண்டோ பக்கம் பல வருஷம் இருந்துவிட்டு இப்போது மதுரைக்கே வந்துவிட்டோம். அங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டில் ஒயின் போடச் சட்டம் அனுமதிக்கிறது. கிட் விற்பதற்கென்றே கடைகள் இருக்கின்றன.

அங்கிருந்து லீவுக்கு வந்த ஒரு சமயம், கல்யாண வீட்டுப் பந்தியில் என் சித்தப்பா எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏம்மா, தோட்டத்துல பழம் பறிச்ச பிள்ள, போயும் போயும் டப்பாத் தண்ணியிலயா ஒயின் போடுற?" பந்தியே சிரித்தது. சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து நொதித்தலைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்தேன்.

கிட் பெட்டிக்குள் இருப்பது திராட்சைச் சாறு. காற்றை உறிஞ்சி எடுத்த கலனில் சாற்றைச் சூடாக்குவார்கள். அந்த நிலையில் தண்ணீர் 100 டிகிரிக்கு வெகு கீழேயே ஆவியாகிவிடும், அதனால் சாறு கருகாது. மிஞ்சுவது தேன் பதத்தில் கெட்டியான சாறு, அதைத்தான் கான்சன்ட்ரேட் என்கிறோம். முழுக்க அடர்த்தியாக்கியதில் 65 முதல் 68 சதவீதம் வரை சர்க்கரைதான், அதனால் சீக்கிரம் கெடாது. வீட்டில் தண்ணீர் சேர்த்து 23 லிட்டருக்குக் கொண்டுவருகிறோம், எடுத்த தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பாலில் செய்ததில்லை என்று யாராவது சொல்வார்களா?

இது நேற்றைக்கு வந்த வியாபாரத் தந்திரமும் இல்லை. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்ததே, அப்போதே கலிபோர்னியாவில் திராட்சைச் சாற்றை அடர்த்தியாக்கி 'வைன்-க்ளோ' என்ற பெயரில் வீடுகளுக்கு விற்றார்கள். மதுவிலக்கு வந்தால் திராட்சை விவசாயம் அழியும் என்றுதான் நினைத்தார்கள். வீட்டுக்கு வீடு ஒயின் போடத் திராட்சை வாங்கியதில் கலிபோர்னியாவில் கொடி போட்ட பரப்பு கூடியது.

எனக்குக் கிட் போடக் கற்றுக்கொடுத்தவர் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. அவர் வீட்டில் முதலில் கண்ணில் பட்டது அவருடைய சுத்தம். வாளி, மூடி, குழாய், கரண்டி என்று சாற்றைத் தொடும் எல்லாவற்றையும் கிருமியை அடக்கும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கரைசலில் கழுவி எடுப்பார். பிளீச்சிங் பவுடர், குளோரின் எதையும் கிட்டே சேர்க்க மாட்டார். குளோரின் வாடை ஒயினில் ஏறினால் நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் அடிக்கும், பிறகு எதைப் போட்டாலும் போகாது.

வாளியில் முதலில் வெந்நீர் ஊற்றி பென்டோனைட் களிமண்ணைக் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். பின்னால் ஒயின் தெளிவதற்கு அதுதான் உதவும். அதன் மேல் சாறு, பிறகு தண்ணீர், ஓக் மரத் தூள். நன்றாகக் கலக்கிவிட்டு, சாற்றின் அடர்த்தியை வைத்துச் சர்க்கரை எவ்வளவு என்று காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டும். இந்த இடத்தில் பலர் அவசரப்படுவார்கள். கண்ணாடித் தண்டின் கழுத்தில் சின்னச் சின்னக் குமிழி ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கிவிடும், அளவு தப்பாகத் தெரியும். விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அது ஆடி நின்ற பிறகு, கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கிப் படிக்க வேண்டும். ரெட் கிட் என்றால் 1.080-லிருந்து 1.095-க்குள் நிற்கும். அதைக் குறித்து வைத்துக்கொண்டு, சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் ஈஸ்ட்டை மேலே தூவி, காற்று வெளியே போகும் ஆனால் உள்ளே வராத ஏர்லாக்கை மாட்டி மூட வேண்டும்.

ஒரு வாரம் போல வாளியில் பொங்கும். பிறகு அடி மண்டியைக் கலக்காமல் சைஃபன் குழாயால் கழுத்துக் குறுகிய கண்ணாடி ஜாடிக்கு மாற்ற வேண்டும். அளவு 0.996-க்குப் பக்கத்தில் வந்து, இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்றால் சர்க்கரை தீர்ந்தது என்று அர்த்தம். 1.085-இல் தொடங்கி 0.995-இல் முடிந்தால் வித்தியாசத்தை 131-ஆல் பெருக்குங்கள், ஏறக்குறைய 11.8 சதவீதம் ஆல்கஹால். ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. மிச்சச் சர்க்கரையோடு பாட்டிலில் அடைத்தால் உள்ளே மறுபடி நொதித்துக் கார்க்கைத் தள்ளும், பாட்டில் வெடிக்கக்கூட வாய்ப்புண்டு.

அடுத்தது வாயு. நொதிக்கும்போது உண்டான கரியமில வாயு ஒயினுக்குள்ளேயே தங்கி நிற்கும், குடித்தால் நாக்கில் சுள்ளென்று இருக்கும். தெளியவும் விடாது. நீளக் கம்பியை விட்டு விடாமல் கலக்கி அதை வெளியேற்ற வேண்டும். போய்விட்டதா என்று பார்க்க அக்கா செய்ததை அப்படியே சொல்கிறேன். சின்ன பாட்டிலில் பாதி ஒயின் ஊற்றி, கட்டைவிரலால் வாயை அடைத்து, குலுக்கிவிட்டு விரலை எடுப்பார். புஸ் என்று சத்தம் வந்தால் திரும்பவும் கலக்க வேண்டும். நான் பரபரத்தால் "அவசரப்படாதையும் பிள்ளை, அது தன்ர பாட்டில தெளியும்" என்பார்.

கிட்டின் மேலே நாலு வாரம், ஆறு வாரம், எட்டு வாரம் என்று போட்டிருக்கும். அது பாட்டிலில் அடைக்கும் வரைக்குமான கணக்கு. ரெட் ஒயின் பாட்டிலில் குறைந்தது மூன்று மாதமாவது கிடக்க வேண்டும். அதற்கு முன்னால் திறந்து குடித்துவிட்டு "கிட் ஒயின் என்றாலே இப்படித்தான்" என்று தீர்ப்புச் சொல்பவர்கள்தான் அதிகம். என் சித்தப்பா ஒரு வாய்கூடக் குடிக்காமல் தீர்ப்புச் சொன்னவர்.

இனி மதுரைக்கு வருவோம். பெரும்பாலான கிட்களில் 20 முதல் 25 டிகிரி வரை வைத்திருக்கச் சொல்வார்கள். கனடாவில் நிலவறை குளிர்ந்து கிடக்கும், வாளியைச் சுற்றிச் சூடேற்றும் பட்டை கட்டித்தான் 22-க்குக் கொண்டுவருவோம். இங்கே சித்திரையில் வெளியே 38, 40 போகிறது, மொட்டை மாடி காய்ந்து ராத்திரி வீட்டுக்குள்ளும் 30-க்குக் கீழே இறங்குவதில்லை. போதாததற்கு நொதிக்கும்போது வாளிக்குள்ளேயே சூடு சில டிகிரி ஏறும். 30-ஐத் தாண்டினால் ஈஸ்ட் திணறிப்போய் அழுகின முட்டை வாடையை விடும், தொண்டையில் எரிகிற கன ஆல்கஹால்களை உண்டாக்கும். சில சமயம் பாதியிலேயே நின்றும் போகும். மார்கழியில்கூட மதுரைப் பகல் 30-ஐத் தொடும். வாரக்கணக்கில் ராத்திரி பகலாக ஏசி ஓட்ட நீங்கள் தயாராக இருந்தாலும் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும்.

சட்டத்துக்கு வருகிறேன். 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். கள்ளக்குறிச்சிச் சாவுகளுக்குப் பிறகு 2024-இல் திருத்தம் கொண்டுவந்து தண்டனைகளைக் கூட்டிவிட்டார்கள். டாஸ்மாக்கில் வாங்கிக் குடிக்கலாம், வீட்டில் போடக் கூடாதா என்று வாதாடலாம், நியாயமாகவும் தோன்றலாம், ஆனால் ஸ்டேஷனில் அந்த வாதம் நிற்காது. கிறிஸ்துமஸுக்கு ஜாடியில் பழமும் சர்க்கரையும் கிராம்பும் போட்டு மூடி வைப்பதைப் பற்றிக் கீழே சிலர் எழுதுவீர்கள். நானும் கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவள்தான், வழக்கம் எனக்கும் தெரியும். வழக்கம் இருக்கிறது என்பதால் நான் உங்களுக்குப் போடச் சொல்ல முடியாது. ஒரு பொம்பளை ஒயினைப் பற்றி இவ்வளவு எழுதலாமா என்று வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். குடியால் அழிந்த குடும்பத்தை நானும் என் சொந்தத்திலேயே பார்த்தவள். குடிக்கச் சொல்லி இதில் ஒரு வரிகூட எழுதவில்லை.

கான்சன்ட்ரேட்டில் குறையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ரெட் ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் வருகின்றன. தோலோடு புளிக்காத சாற்றில் அந்தத் துவர்ப்பு குறையும். அதைச் சரிக்கட்டத்தான் ஓக் தூள் போடுகிறார்கள், விலை கூடிய கிட்களில் திராட்சைத் தோல் போட்ட பை ஒன்றும் வைக்கிறார்கள். மலிவான கிட்டில் லேசாகப் பாகு வாசம் இருக்கும். ஆனால் எங்கள் பன்னீர்ப் பழத்தை அப்படியே போட்டால் இதைவிட நல்ல ரெட் ஒயின் வரும் என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாசத்துக்கு அதை அடிக்க ஆளில்லை, ஆனால் அது முதலில் சாப்பிடுகிற பழம். மேகமூட்டமான மாதங்களில் இனிப்பு ஏறாது, சர்க்கரை கொட்டாமல் ஒயினுக்கு வேண்டிய ஆல்கஹால் வராது.

இதை எழுதும்போது மனசு வேறு எங்கோ போகிறது. வருஷம் முழுக்கக் காய்க்கிற ஊர் எங்களுடையது. அறுக்கிற நேரத்தில் ஒரு மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். வெடித்த பழத்தை யாரும் பெட்டியில் ஏற்ற மாட்டார்கள். வெடிக்காத பழத்துக்கும் வியாபாரி பெட்டிக்கு இத்தனை கிலோ என்று கழிவு பிடிப்பார். காம்பு உதிர்ந்ததற்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் வருவார். மாட்டுத்தாவணியில் அதே பழம் என்ன விலைக்குப் போகிறது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். வெடித்த பழத்தை அன்றைக்கே சாறு பிழிந்து கெட்டியாக்கி வைக்கப் பக்கத்தில் ஒரு ஆலை இருந்திருந்தால், ஒயினே வேண்டாம், ஜூஸ் கம்பெனிக்கு விற்றாலே அந்த மழையில் போனதில் பாதியாவது கைக்கு வந்திருக்கும். டப்பாச் சாறு என்று சிரித்த சித்தப்பாவும் திராட்சை போட்டவர்தான். அவர் தோட்டத்திலும் அதே மழைதான் பெய்தது.

சரி, உங்கள் அண்ணன் விஷயம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம் என்று சொல்லுங்கள், விமான லக்கேஜில் பாதி எடையை அதுவே தின்றுவிடும். நீங்கள் அங்கே போகும்போது ஐப்பசி வாக்கில் அவர் வீட்டில் இரண்டு பேருமாகச் சேர்ந்து போடுங்கள். நாலு வாரக் கிட்டை விட்டுவிட்டு, சாறு அதிகமாக இருக்கும் எட்டு வாரக் கிட்டாகப் பார்த்து வாங்குங்கள். ஹைட்ரோமீட்டர் இரண்டு வாங்குங்கள், ஒன்று கட்டாயம் உடையும். ஈஸ்ட் பாக்கெட்டில் இருக்கும் தேதியைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.