தினமும் ஓடும் ஸ்பிட்ஃபயர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அப்பாவின் 1968 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரில் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் ஆடிட் ஆபீசுக்கு தினமும் போய் வருவதைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை தினமும் ஓட்டி ஏன் வதைக்க வேண்டும் மேடம்? ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்தால் போதாதா?
(விருத்தாசலம் வாசகர்)

நிறுத்தி வைப்பதுதான் சார் வதை. அப்பா படுக்கையில் இருந்த நாலு வருஷமும் இந்த வண்டி போர்வைக்குள் பத்திரமாகத்தான் நின்றது. 2003-ல் போர்வையை எடுத்துப் பார்த்தேன். பின் பிரேக் சிலிண்டர் இரண்டும் இறுகிப் போயிருந்தன. கிளட்ச் மிதித்தால் உள்ளே போய் அப்படியே நின்றுவிட்டது. பெட்ரோல் டேங்குக்குள் டார்ச் அடித்தால் செம்மண் மாதிரி துரு. ஒயரிங்கை எலி கடித்திருந்தது. சரி செய்ய ஏழு மாதம் ஆனது. அதற்குப் பிறகு தினமும் ஐம்பது கிலோமீட்டர் ஓடுகிறது, அப்படியொரு செலவு மறுபடி வரவே இல்லை.

காரணம் எளிது. வண்டி நின்றால் எஞ்சினுக்குள் இருக்கும் ஆயில் வழிந்து கீழே இறங்கிவிடும். ரப்பர் சீல்கள் காய்ந்துவிடும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். நம் ஊர்க் கடல் காற்றில் எல்லாமே சீக்கிரம் நடக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் போர்வை ஈரத்தை உள்ளேயே அடைத்து வைத்துவிடும், அதனால் தயவுசெய்து அதைப் போடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. தினமும் ஓட்டுகிறவருக்குத்தான் வண்டியின் சத்தம் மாறினால் தெரியும். ஸ்பிட்ஃபயரில் பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டு, முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். திறந்தால் முன் சக்கரம், ஸ்டீயரிங் கம்பி, எஞ்சின் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். காலையில் காபி குடித்ததும் திறந்து தண்ணீர், ஆயில், பிரேக் ஆயில், ஃபேன் பெல்ட் பார்ப்பேன். ஐந்து நிமிஷ வேலை.

இப்போது வரும் எத்தனால் பெட்ரோல் பழைய கார்புரேட்டர் வண்டிக்கு ஒத்துக்கொள்கிறதா?
(லாஸ்பேட்டை வாசகர்)

சும்மா ஊற்றினால் ஒத்துக்கொள்ளாது. வண்டியைத் தயார் செய்தால் ஒத்துக்கொள்ளும். 20 சதவீத எத்தனால் பழைய ரப்பரை ஊற வைத்து உதிர்த்துவிடும். என் வண்டியில் முதலில் போனது டேங்கிலிருந்து வரும் ஹோஸ். இருக்கைக்குப் பின்னால்தான் டேங்க் என்பதால் வாடை உடனே வந்துவிட்டது. எல்லா ஹோஸையும் மாற்றினேன். வாங்கும்போது ஹோஸின் மேல் ஜே30ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்ற வேண்டும்.

அடுத்தது, எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கார்புரேட்டர் தரும் காற்று-பெட்ரோல் கலவை கொஞ்சம் வறண்டு போகும், அதாவது பெட்ரோல் பங்கு போதாமல் போகும். எஸ்.யூ. கார்புரேட்டரின் அடியில் ஆறு பட்டை உள்ள நட் இருக்கிறதல்லவா, அதை ஒரு பட்டை கீழே இறக்கிப் பாருங்கள், பெட்ரோல் கூடும். எனக்கு இரண்டு கார்புரேட்டரிலும் ஒன்றரைப் பட்டை இறக்கியதும் சரியானது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். டேங்கில் மாதக்கணக்கில் கிடந்தால் தண்ணீர் தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். நான் வாரம் ஒரு முறை போடுகிறேன், அது பழசாவதற்குள் எரிந்துவிடுகிறது.

2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றபோதும் இதே மாதிரி ஒரு பயம் இருந்தது, வால்வ் உட்காரும் சீட்டைத் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். 2003-ல் வண்டியைப் பிரித்தபோதே எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை லேத்துக்குக் கொடுத்துக் கெட்டியான வால்வ் சீட் போட்டுவிட்டேன். உங்கள் வண்டியில் போடவில்லை என்றால் வால்வ் இடைவெளியை அடிக்கடி பாருங்கள். குறைந்துகொண்டே வந்தால் சீட் தேய்கிறது என்று அர்த்தம்.

ஹெரால்ட் ஒன்றைச் சரி செய்துகொண்டிருக்கிறேன் அக்கா. முன் சக்கரத்துக்கு கிரீஸ் அடித்தால் போதும் என்கிறார் எங்கள் பட்டறைக்காரர். சரியா?
(கடலூர் முதுநகர் வாசகர்)

தம்பி, மற்ற பதில்களை விட்டாலும் இதை மட்டும் கவனமாகப் படி. போதாது, அடிக்கவும் கூடாது.

உன் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் 1961 முதல் நம் மெட்ராஸில் தயாரானது. இங்கிலாந்து ஹெரால்டின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தைக் குட்டையாக்கித்தான் ஸ்பிட்ஃபயர் செய்தார்கள், இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. அதனால் உன் வண்டிக்கும் என் வண்டிக்கும் முன் சஸ்பென்ஷன் ஒரே அமைப்பு. எனக்கு இன்றும் சென்னைப் புதுப்பேட்டையில் சாமான் கிடைக்கிறதென்றால் ஹெரால்ட் புண்ணியம்தான்.

முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிமுனை முழுக்க மரை. அந்த மரை பித்தளை நிறத்தில் ஒரு கட்டைக்குள் இறங்கியிருக்கும். அதன் பெயர் ட்ரன்னியன். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இரும்பு மரை அதற்குள்தான் சுழல்கிறது. இடப்பக்கம் ஒரு திசை மரை, வலப்பக்கம் எதிர்த்திசை. இதற்குக் கம்பெனி சொன்னது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் அடித்தால் அது மேலேயே இறுகி மரையின் அடிவரை போகாது. மழைத் தண்ணீர் மட்டும் போய்விடும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே மரை அரித்துக்கொண்டே வரும். ஒரு நாள் வண்டியை மெதுவாக வளைத்துத் திருப்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கும்.

எனக்கு நடந்தது. எனக்கு விவரம் தெரியாத காலத்தில் ஒரு பட்டறையில் இரண்டு வருஷம் கிரீஸ்தான் அடித்தார்கள். மிஷன் வீதி ஓரமாக வண்டியை நிறுத்தத் திருப்பினேன், சோளத்தட்டை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். நடக்கும் வேகம் என்பதால் தப்பித்தேன். காலையில் அதே வண்டியில் தவளக்குப்பம் தாண்டி எழுபதில் வந்திருந்தேன். முறிந்த தண்டைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, உடைந்த இடத்தில் பாதி பழைய கறுப்புத் துரு, மீதிதான் புது இரும்பின் வெள்ளை. பல மாதமாகவே அது பாதி உயிரோடுதான் என்னைச் சுமந்திருக்கிறது.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஆயில் கன்னால் பழைய அழுக்கு வெளியே வரும்வரை கியர் ஆயிலை அடி. கம்பெனி சொன்ன கணக்கு எதுவாக இருந்தாலும் நம் மழைக்கும் உப்புக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்துவிடு. ஏற்கெனவே கிரீஸ் அடித்துவிட்டார்கள் என்றால், கழற்றி மரையைச் சுத்தம் செய்து கண்ணால் பார்க்காமல் வண்டியைத் தெருவுக்கு எடுக்காதே.

வின்டேஜ் பதிவு எண் வாங்கிவிட்டீர்களா?
(நெல்லித்தோப்பு வாசகர்)

இல்லை, வாங்கப் போவதும் இல்லை. 2021-ல் வந்த விதிப்படி ஐம்பது வருஷம் கடந்த வண்டிக்கு வி.ஏ. எழுத்துள்ள எண் வாங்கலாம். ஆனால் அந்த எண்ணில் கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேர் செய்ய என்று மட்டும்தான் ஓட்டலாம். ஆபீஸ் போக முடியாது. நான் சாதாரணப் பதிவையே ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்கிறேன்.

சிக்னல் நெரிசலிலும் கத்திரி வெயிலிலும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?
(ரெட்டியார்பாளையம் வாசகி)

சிக்னலில் கிளட்சை மிதித்துக்கொண்டே நிற்க மாட்டேன். இந்த எஞ்சினில் கிராங்க் என்ற சுழல் தண்டு முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் வாஷர் பலவீனமானது. கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் பாரம் அதன் மேல்தான் விழும். அது தேய்ந்து கீழே விழுந்தால் எஞ்சின் பிளாக்கே போச்சு. இந்திரா காந்தி சிலையில் நின்றதும் நியூட்ரல். மாதம் ஒரு முறை யாரையாவது கிளட்ச் மிதிக்கச் சொல்லி, முன்னாலிருக்கும் புல்லி அசைகிறதா என்று பார்ப்பேன்.

மே மாதத்தில் அரியாங்குப்பம் பாலத்தில் ஊர்ந்தால் பெட்ரோல் பம்பிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். பானெட்டைத் திறந்து பம்பின் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிஷம் விட்டால் கிளம்பிவிடும். ரேடியேட்டருக்கு ஒரு எலெக்ட்ரிக் ஃபேனும் வைத்திருக்கிறேன்.

மழை வேறு விஷயம். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் கரை கடந்து புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர் கொட்டியபோது வண்டியை முதல் நாளே தங்கை வீட்டு மேடான போர்டிகோவில் ஏற்றிவிட்டேன். சாத்தனூர் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து வடியும்வரை எடுக்கவே இல்லை. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும், ‘சில்’ என்ற உள்ளீடற்ற தகட்டுப் பெட்டிதான் இந்த வண்டியின் பலமே. அதற்குள் வெள்ளத் தண்ணீர் தேங்கினால் வெளியே தெரியாமலே அரித்துவிடும்.

வழியில் நின்றுவிட்டால் தனியாக என்ன செய்வீர்கள்? பயமாக இல்லையா?
(காலாப்பட்டு கல்லூரி மாணவி)

முதல் வருஷம் பயமாகத்தான் இருந்தது கண்ணு. இப்போது இல்லை, ஏனென்றால் என்ன கெடும் என்று தெரியும். டிக்கியில் ஃபேன் பெல்ட், ஸ்பார்க்குக்கு வேண்டிய பாயின்ட், கண்டென்சர், ஒரு ஹோஸ், ஐந்து லிட்டர் தண்ணீர் எப்போதும் இருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனர் இந்த வண்டிக்குப் பொருந்தாது, அரை இன்ச்சும் 7/16-ம் வாங்கி வைத்துக்கொள்.

போன ஐப்பசியில் இரவு எட்டு மணிக்குக் கிருமாம்பாக்கத்தில் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது, கூடவே சூட்டு முள் ஏறியது. பெல்ட் அறுந்துவிட்டது என்று திறக்காமலே தெரிந்துவிட்டது. டீக்கடை ஓரம் ஒதுக்கி பானெட்டைக் கவிழ்த்தேன். கடைக்கார அக்கா தன் செல்போன் வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். டைனமோ நட்டைத் தளர்த்தி, புது பெல்ட்டை மாட்டி, கட்டை விரலால் அழுத்தி அரை இன்ச் இறங்குகிறதா பார்த்து இறுக்கினேன். இருபது நிமிஷம். அக்கா டீக்குக் காசு வாங்கவில்லை. அவரை ஒரு சுற்று கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன், இந்த வாரம் போக வேண்டும்.