1967 ஒப்பந்தத்தை இந்தியா மீறியதா? பட்டிமன்றத் தம்பிக்கு

தம்பி, "2019-ல தன்னோட செயற்கைக்கோளையே ஏவுகணையால சுட்டு இந்தியா 1967 விண்வெளி ஒப்பந்தத்தை மீறிடுச்சு"ன்னு எதிரணி அடிச்சா என்ன சொல்றதுன்னு கேட்டிருக்கீங்க. மீறல. அதோட 4-வது பிரிவு, அணு ஆயுதம் மாதிரி பேரழிவு ஆயுதங்களைச் சுற்றுப்பாதையில வைக்கறதைத்தான் தடுக்குது. தரையிலிருந்து ஏவுற சாதாரண ஏவுகணைக்கு அதுல தடை இல்ல.

ஆனா கெட்டிக்கார எதிரணி, சுட்டதுல சிதறின விண்வெளிக் குப்பையைப் பிடிப்பாங்க. நாம சுட்டது சுமார் 300 கிலோமீட்டர் உயரத்துல. துண்டுகள் பெரும்பாலும் சீக்கிரமே எரிஞ்சிடுச்சு. சிலது மேல எகிறினது நெசம், மறைக்காதீங்க. சீனா 2007-ல சுட்டது 800-க்கும் மேல, அதோட துண்டுகள் இன்னும் சுத்துது.

கடலூர்க் கூட்டம்தானே? விண்வெளியில ராணுவம் இருக்கறது புதுசில்லன்னு காட்ட, முதுநகர் விசைப்படகுல இருக்கற ஜிபிஎஸ்ல ஆரம்பிங்க. அதுவே அமெரிக்க ராணுவம் நடத்துறதுதான். சபை நிமிர்ந்து உக்காரும்.