மே மாதத்தில் ஆர்க்கிட் தேடினால்

கேள்வி: மே மாதம் கொடைக்கானலில் மூன்று நாள் சுற்றியும் காட்டு ஆர்க்கிட் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எந்த இடத்தில் பார்க்கலாம்? சின்னப் பூவை நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸ் இல்லாமல் படம் எடுக்க முடியாதா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: நீங்கள் நடந்த புல்வெளியிலேயே இருந்திருக்கும், மண்ணுக்குள் கிழங்காக. தரையில் வளரும் ஆர்க்கிட்டுகளில் பல கோடையில் தலைகாட்டாது. தென்மேற்குப் பருவமழை நன்றாக நனைத்த பிறகுதான் இலைவிட்டுப் பூக்கும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் போய்ப் பாருங்கள். காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். ஆனால் மலைப்பாதை ஓரத்து மண்சரிவுகளிலேயே சடீரியம் நேபாலென்ஸ் என்ற தரை ஆர்க்கிட் இளஞ்சிவப்பாக நிற்கும். நான் முதலில் பார்த்ததும் அப்படித்தான், பழுதான பேருந்திலிருந்து இறங்கி நின்றபோது.

அந்தப் பூவை உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆர்க்கிட்டுகளில் உதடு எனப்படும் இதழ் கீழ்ப்பக்கம், பூச்சி வந்து இறங்கும் திண்ணை மாதிரி இருக்கும். சடீரியத்தில் அது மேலே, முக்காடு போட்டது போலக் கவிந்திருக்கும். பின்னால் இரண்டு மெல்லிய தேன்குழல்கள் தொங்கும். நேராக எடுத்த படத்தில் இந்தக் குழல்கள் சரியாகத் தெரியாது. அதனால் பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று, இலையோடு முழுச்செடியும் ஒன்று எடுங்கள். ஹாபெனேரியா என்ற இன்னொரு ஆர்க்கிட் பேரினத்தின் வகைகளைப் பிரித்தறியவும் உதட்டின் வடிவமும் தேன்குழலின் நீளமும்தான் கைகொடுக்கும்.

லென்ஸ் அப்புறம் வாங்கலாம், இப்போதைக்கு செல்போனே போதும். மூடுபனி வெளிச்சம் நல்லது. வெள்ளைப் பூ என்றால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, கொஞ்சம் குறையுங்கள், இல்லாவிட்டால் இதழின் நரம்பே தெரியாமல் வெளுத்துவிடும். குறுக்கே நிற்கும் புல்லைப் பிடுங்காமல் விரலால் ஒதுக்கிப் பிடியுங்கள். படுத்து எடுப்பதாக இருந்தால் முதலில் தரையைத் தடவிப் பாருங்கள். பூக்காத இளஞ்செடி ஒற்றை இலையோடு பக்கத்திலேயே இருக்கும். ஆர்க்கிட் விதை தூசி போன்றது, உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது. மண்ணில் அதற்கேற்ற பூஞ்சை சேர்ந்தால்தான் முளைக்கும். அந்த ஒற்றை இலை வரவே எத்தனையோ விதைகள் வீணாகியிருக்கும்.

இடத்தை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். ஒருமுறை நான் ஊர்ப் பெயரோடு படம் பகிர்ந்தேன். மறு வருடம் போனபோது செடி இருந்த இடத்தில் கையகலக் குழிகள் நான்கு. இன்றும் அதை நினைத்தால் மனசு வலிக்கிறது. அகத்தியமலைப் பகுதிக்கே உரிய பாஃபியோபெடிலம் ட்ரூரி என்ற ஆர்க்கிட், 1865-இல் கர்னல் ட்ரூரி கண்டெடுத்தது. தோண்டித் தோண்டியே அழிந்துபோனதாக நினைத்து, 1972-இல்தான் மறுபடி கண்டார்கள். படத்தைப் பகிரும் முன் அதில் பதிவான ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிடுங்கள்.

செப்டம்பரில் பார்த்தால் எனக்கும் படம் அனுப்புங்கள். இலை தெரியட்டும், ஊர்ப் பெயர் வேண்டாம்.