ஸ்பான்சர் விலகும்போது முதலில் கேட்டு வாங்க வேண்டியது எது?

கேள்வி: தன்னார்வலர்களாகச் சேர்ந்து ஒரு திறமூல மென்பொருளை (நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றக்கூடியது) பராமரித்து வருகிறோம். ஆதரவளித்து வந்த நிறுவனம் மூன்று மாதத்தில் விலகிக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. சர்வர், டொமைன் இரண்டும் அவர்களுடையவை. முழுநேரமாக இதில் வேலை பார்க்கும் இருவரும் அவர்களுடைய ஊழியர்கள். உடனே ஃபோர்க் செய்து, அதாவது நிரலை நகலெடுத்துத் தனித் திட்டமாக்கி, புதுப் பெயரில் கிளம்பிவிடலாம் என்று எங்களில் சிலர் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் இப்போதே வேண்டாம். நிரலை எடுத்துக்கொள்வதுதான் இதில் மிகச் சுலபமான வேலை. திறமூல உரிமத்தில் ஏற்கெனவே வெளிவந்ததை நிறுவனம் திரும்பப் பிடுங்க முடியாது. இன்றைக்கும் எடுக்கலாம், ஆறு மாதம் கழித்தும் எடுக்கலாம். பெயர், டொமைன், கணக்குகள் அப்படியில்லை. யார் பேரில் இருக்கின்றனவோ அவர்கள் மனது வைத்தால்தான் கிடைக்கும். அந்த மனது இன்று இருக்கலாம். நீங்கள் காரசாரமாக ஓர் அறிக்கை விட்ட பிறகு இருக்காது.

பெயருக்கு என்ன அவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். ஓப்பன்ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளை ஆதரித்துவந்த சன் மைக்ரோசிஸ்டம்ஸ், 2010 ஜனவரியில் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று ஓப்பன்ஆபிஸ் சமூகத்தினர் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற தனி அமைப்பை அறிவித்தார்கள். பழைய பெயரைத் தந்துவிடுமாறு ஆரக்கிளைக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று வைத்த லிப்ரேஆபிஸ் என்ற பெயரே நிலைத்துவிட்டது. 2011 ஜூனில் ஆரக்கிள் ஓப்பன்ஆபிஸை அப்பாச்சி அறக்கட்டளையிடம் கொடுத்தது. டெவலப்பர்கள் பெரும்பாலும் ஒரு பக்கம், ஊரறிந்த பெயர் இன்னொரு பக்கம். பழைய பெயரைத் தேடிப் போய் அதையே இறக்கிக்கொள்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அதே ஆரக்கிளோடு, நிரலைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் ஹட்சன் என்ற மென்பொருளின் பெயருக்காகத் தகராறு வந்தபோது, 2011 ஜனவரியில் அந்தச் சமூகம் வாக்கெடுத்து ஜென்கின்ஸ் ஆனது. டெவலப்பர்கள் பெரும்பாலும் கூடவே வந்ததால் ஜென்கின்ஸ் ஹட்சனை முந்திவிட்டது. ஆக, பெயர் போனாலும் பிழைக்கலாம்; ஆட்கள் பிரிந்தால்தான் கஷ்டம்.

வாய்மொழி ஒப்புதலை மட்டும் நம்பாதீர்கள். நேட்ஸ் என்ற மென்பொருள் 2018-லேயே, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் இயங்கும் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷனுக்குப் போய்விட்டது. ஆனால் டிரேட்மார்க், அதாவது பெயரின் மீதான சட்ட உரிமை, மட்டும் அதை உருவாக்கிவந்த சினாடியா நிறுவனத்திடமே இருந்தது. 2025 ஏப்ரலில் சினாடியா திட்டத்தைத் திரும்பக் கேட்டபோது அது பெரிய பிரச்சினை ஆனது. மே மாதம் டிரேட்மார்க்கை லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்கு மாற்றித்தர ஒப்புக்கொண்ட பிறகுதான் ஓய்ந்தது.

டிரேட்மார்க்கை யார் பேருக்கு மாற்றுவது? பதிவு செய்யாத ஒரு குழுவின் பேரில் அதை வைத்துக்கொள்வது சிக்கல். இதற்கென்று புதிதாக ஓர் அமைப்பு தொடங்கிக் கணக்கு வழக்கில் மூழ்க வேண்டியதில்லை. சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்ட்ரஸ்ட், சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி போன்ற அமைப்புகள் திட்டங்களின் சார்பாக நன்கொடை வாங்கும், சொத்துகளையும் வைத்திருக்கும். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் டிரேட்மார்க் முதலாவது அமைப்பிடம்தான் இருக்கிறது. சேர்த்துக்கொள்வதற்கு முன் பரிசீலிப்பார்கள், நேரம் எடுக்கும். அதனால் இந்த வாரமே எழுதுங்கள்.

அடுத்து ரெப்போ, அதாவது நிரல் சேமிப்பிடம். அது நிறுவனத்தின் கிட்ஹப் (நிரல்களை வைக்கும் இணையதளம்) கணக்கில் இருந்தால் ஃபோர்க் செய்யாமல் டிரான்ஸ்ஃபர் கேளுங்கள். ஃபோர்க்கில் நிரல் மட்டுமே வரும். பல ஆண்டு இஷ்யூக்களும் (பிழை அறிக்கைகள், கோரிக்கைகள்) விவாதங்களும் பழைய இடத்திலேயே தங்கிவிடும். டிரான்ஸ்ஃபர் செய்தால் அவையும் வரும், பழைய முகவரிக்குப் போகிறவர்களும் தானாகப் புதிய இடத்துக்கு வந்துவிடுவார்கள். பழைய இடத்தில் அதே பெயரில் வேறு ரெப்போ உருவாக்க வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள். உருவாக்கினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

பலரும் கோட்டை விடுவது மின்னஞ்சலில்தான். பேக்கேஜ் வெளியிடும் கணக்கு, பாதுகாப்புக் குறைகளை ரகசியமாகத் தெரிவிக்கும் முகவரி எல்லாம் எந்த டொமைனில் இருக்கின்றன என்று பாருங்கள். 2022 மே மாதம் பைதான் பேக்கேஜ்களை வெளியிடும் பைபிஐ தளத்தில் சிடிஎக்ஸ் என்ற பேக்கேஜுக்கு நடந்தது இதுதான். பராமரிப்பாளருடைய மின்னஞ்சலின் டொமைன் காலாவதியானது. யாரோ அதை வாங்கி, பாஸ்வேர்டை மாற்றி, தீங்கான பதிப்பை வெளியிட்டுவிட்டார்கள். நிறுவனம் உங்கள் டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டால் உங்களுக்கும் இது நடக்கலாம். வெளியீடுகள் உங்களுடையவைதான் என்று காட்ட டிஜிட்டல் கையொப்பமிடும் சாவி அந்த இரு ஊழியர்களின் அலுவலகக் கணினியில் மட்டும் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

அந்த இருவர் விஷயம்தான் உண்மையான இழப்பு. 2012-ல் கேனோனிகல் நிறுவனம் குபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்குக் கொடுத்துவந்த சம்பள ஆதரவை நிறுத்தியபோது புளூ சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் முன்வந்தது. உங்களுக்கும் ஒருவர் வருவார் என்று எண்ணிக் காத்திருக்க முடியாது. மென்பொருளைத் தொழிலில் பயன்படுத்தும் நிறுவனங்களை நேரடியாகக் கேளுங்கள். பணத்தைவிட, தங்கள் ஊழியர் ஒருவரை வாரத்தில் ஒரு நாள் விட்டுத்தரச் சொன்னால் சிலர் சீக்கிரம் சம்மதிப்பார்கள். அப்புறம், இதுவரை செய்துவந்த எல்லாவற்றையும் தொடர முயலாதீர்கள். பழைய பதிப்புகளுக்கான ஆதரவை எந்தத் தேதியோடு நிறுத்துகிறீர்கள் என்று இப்போதே அறிவியுங்கள்.

கேட்பதையெல்லாம் ஒரே கடிதத்தில், ஒவ்வொன்றுக்கும் தேதியோடு எழுதிக் கொடுங்கள். ஒரு மாதத்தில் டிரேட்மார்க்குக்கும் டொமைனுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால், அந்த இருவரும் இன்னும் வேலையில் இருக்கும்போதே புதுப் பெயரைத் தேர்ந்தெடுத்து ஃபோர்க்கைத் தொடங்கிவிடுங்கள்.