அரசு நினைத்தால் என் வாட்ஸ்அப்பைப் படிக்க முடியுமா?

கடலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். முடியும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவில், உள்துறைச் செயலர் உத்தரவு போட்டால் போதும்; நீதிபதி கையெழுத்து வேண்டாம். கடலூருக்குத் தமிழக உள்துறை, பெண்ணையாறு தாண்டிவிட்டால் புதுச்சேரி உள்துறை, இரண்டு கரைக்கும் டெல்லி! ஓர் உத்தரவு 60 நாள் செல்லும். நீட்டித்தால் அதிகபட்சம் 180. அதை மறுஆய்வு செய்யும் குழுவிலும் அதிகாரிகளே. எனக்கு உறுத்துவது இதுதான்.

வாட்ஸ்அப் செய்தி வழியில் பூட்டியே போகும். அதனால்தான் பெகாசஸ் மாதிரி உளவு மென்பொருள் போனுக்குள்ளேயே நுழைந்து, பூட்டு திறந்தபின் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் எந்த லிங்கையும் தொடக்கூட வேண்டியதில்லை.

2017 புட்டசாமி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தனியுரிமையை அடிப்படை உரிமை என்றது. பயங்கரவாதியைப் பிடிக்கக் கண்காணிப்பு தேவை, சரி. நீதிபதியிடம் கேட்டுவிட்டுச் செய்தால் என்ன?